காருக்கு ரோமம் முளைத்த கதை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் என்னைப் பற்றி இன்னும் குறைவாக நினைப்பீர்கள்.

ஒரு மோட்டார் பத்திரிகையின் ஆண்டு மலருக்கு, ‘குதிரை வளர்ப்பவர்கள் காரைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி’ என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். எழுதுவதாக இருந்தவர் நிஜமாகவே குதிரைகள் வைத்திருப்பவர். அவற்றில் ஒன்று உதைத்து, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். எனவே என்னிடம் வந்தார்கள். என்னிடம் குதிரை கிடையாது. கார் கிடையாது. என் சுத்தத்தைப் பற்றி வீட்டில் சொல்லப்படுவதை எழுதினால் மலர் கொள்ளாது. இருந்தும், “அதுக்கென்ன, எழுதிடலாம்” என்றேன். எந்தத் தலைப்பையும் மறுக்கத் தெரியாத ஓர் இனம் தமிழ் எழுத்தாளர்களில் உண்டு.

உட்கார்ந்து யோசித்ததில் இரண்டு யோசனைகள் தேறின. காரை மூடி வையுங்கள். குதிரையைத் தள்ளிக் கட்டுங்கள். மூன்றாவது யோசனை வரவேயில்லை. இந்த இரண்டையுமே செய்ய முடியாத ஓர் ஆளைக் கற்பனை செய்துகொண்டால் மீதிப் பக்கம் தானாக நிரம்பிவிடும் என்று தோன்றியது. அப்படிப் பிறந்தவர்தான் தருமபுரிப் பக்கத்து இண்டூர் மாரப்பன். வருஷம் 1942. ஏன் அந்த வருஷம் என்றால், அதை நேரில் பார்த்தவர்களில் யாரும் இப்போது எனக்குக் கடிதம் போட்டுத் திருத்தப் போவதில்லை.

2

தொடக்கம் ஒன்று: ‘ஆடி மாதத்துக் காற்று இண்டூரின் கேழ்வரகுக் கொல்லைகள் மீது ஒரு—’

(விட்டுவிட்டேன். ‘ஒரு’வுக்குப் பிறகு உவமை வரப்போகிறது என்பது எனக்கே தெரிந்துவிட்டது.)

தொடக்கம் இரண்டு: ‘மகாயுத்தம் உலகத்தையே உலுக்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில், மனித மனம் என்னும்—’

(மாரப்பனுக்கு உலகம் என்பது கிழக்கே மொரப்பூர் ரயிலடி வரைக்கும்தான். மனித மனத்தைப் பற்றி எனக்கும் ஒன்றும் தெரியாது.)

தொடக்கம் மூன்று: மாரப்பன் பொய் சொல்லியிருந்தார்.

இது நிற்கட்டும்.

3

குதிரையை விற்றுவிட்டதாக மாப்பிள்ளைக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார் மாரப்பன். குதிரையோ அவர் வீட்டுக் கொட்டகையில் நின்று கொள்ளு தின்றுகொண்டிருந்தது.

குதிரையின் பெயர் செவலை, நிறமும் அதுதான். மாப்பிள்ளைக்கும் பெயர் உண்டு. ஆனால் மாமனார் வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லப் போவதில்லை. சேலத்தில் ஜவுளிக்கடைக் குடும்பம். ஒரே மகள் கண்ணம்மாளை அங்கே கொடுத்திருந்தார்கள். மறுவீட்டுக்கு வந்தபோது தருமபுரியிலிருந்து செவலை பூட்டிய வண்டியில்தான் அழைத்துவந்தார்கள். வழி முழுக்க மாப்பிள்ளை தும்மினார். இண்டூரில் இறங்கும்போது கண் இரண்டும் வீங்கி, மூக்கு சிவந்து, வேட்டியெல்லாம் செம்முடியாக இருந்தது.

“பொண்ணு அழுதுதான் பாத்திருக்கறம். அழுதுக்கினு வர்ற மாப்ளய இப்பத்தான் பாக்கறம்” என்று பந்தலில் ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார்: “அந்தக் குதிர இருக்கற வூட்டுல இனி நான் காலு வெக்க மாட்டன். அவளும் வெக்க மாட்டா.”

அதன்பின் இரண்டு ஆடி வந்து போயிற்று. மகள் வரவில்லை. மாரப்பன் சேலம் போனால் கடையிலேயே உட்காரவைத்து, ஒரு சோடா உடைத்துக் கொடுத்து, “மேலுக்கெல்லாம் குதிர வாசன, உள்ள வேணாம் மாமா” என்று அனுப்பிவிட்டார்கள். மாடி ஜன்னலில் கண்ணம்மாள் நின்றாள். கை ஆட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். மாரப்பன் அன்று பஸ்ஸில் முண்டாசை அவிழ்த்து முகத்தில் போட்டுக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

மூன்றாவது ஆடிக்கு முன்னால்தான் அந்தப் பொய். கூடவே ஒரு கார்.

யுத்தத்தில் பெட்ரோல் ரேஷன் வந்து, கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் குதிரை தேடிக்கொண்டிருந்த வருஷத்தில், குதிரை வைத்திருந்த ஒருவர் கார் வாங்கினார். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது தள்ளிவிட்டுப் போன கறுப்புக் கார். (இது மாரப்பனின் அசட்டுத்தனமா, என்னுடையதா என்று நீங்கள் கேட்கலாம். பங்கு போட்டுக்கொள்கிறோம்.) காரை நிறுத்த வேறு இடம் இல்லை. செவலையின் கொட்டகையிலேயே விட்டார்.

கார் வாங்கிய சேதியையும் சேலத்துக்குச் சொல்லி அனுப்பினார். பதில் வந்தது: ஆடிப் பதினெட்டுக்கு இருவரும் வருகிறார்கள். காரை மொரப்பூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுவரவும்.*

காரில் ஒரு செம்முடி தென்பட்டால் போதும். பொய் வெளுத்துவிடும்; மாப்பிள்ளை அடுத்த ரயிலில் மகளைத் திரும்பக் கூட்டிப் போய்விடுவார். இனி எந்த ஆடிக்கும் அவள் வரமாட்டாள். மாரப்பனுக்கு இது தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும் என்று சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அடுத்து வருவது எல்லாம் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும்.

* மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு முன்பு ஒரு சின்ன ரயில் ஓடியது. யுத்தத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். அது ஓடியிருந்தால் இந்தக் கதை இன்னும் சுருக்கமாக இருந்திருக்கும். குறை சொல்ல வேண்டுமானால் ஹிட்லரைச் சொல்லுங்கள்.

4

ஒரு குதிரைக்காரர் காரைச் சுத்தம் செய்தால் எப்படிச் செய்வார்?

முதலில் அதன் கழுத்தில், அதாவது பானெட்டில், தட்டிக்கொடுத்தார். வைக்கோலைச் சுருட்டி மேலிருந்து கீழாகத் தேய்த்தார். குதிரைக்குத் தேய்க்கும் அதே பிரஷ்ஷால் தேய்த்தார். பின்பக்கம் போகும்போது உதை விழாத தூரத்துக்கு ஒதுங்கிப் போனார். கடைசியில், பளபளப்புக்காக, செவலைக்குச் செய்வதுபோலவே விளக்கெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக் கார் முழுக்க அழுத்தித் தேய்த்துவிட்டார். சீட்டையும் விடவில்லை.

கார் மினுமினுத்தது. மாரப்பன் நிம்மதியாகத் தூங்கப் போனார்.

ஆடிக் காற்று. செவலைக்கு அப்போது முடி கொட்டும் உடம்பு. காலையில் போய்ப் பார்த்தால் கறுப்புக் கார் செவலை நிறத்தில் நின்றது. பானெட், கதவு, மட்கார்டு எல்லா இடத்திலும் மெத்தென்று முடி. காருக்கு ரோமம் முளைத்துவிட்டது.

தீர்த்தம்மாள் வந்து பார்த்தாள். அவர் மனைவி, கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிற ரகம்.

“குதிரய விக்கச் சொன்னா, இன்னொரு குதிர வாங்கியாந்து நிறுத்தி வெச்சிருக்கீங்களே.”

“எண்ணெ கொஞ்சம் அதிகமாப் பூடுச்சி.”

“புத்தி கொஞ்சம் கம்மியாப் பூடுச்சி.”

5

இந்த இடத்தில் எனக்கு மாரப்பன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மகள் வேண்டும் என்றால் குதிரையை விற்றுத்தொலைக்க வேண்டியதுதானே? இப்படி ஓர் ஆள் இருப்பாரா? பேனாவை மூடிவைத்தேன். கதை நிற்க வேண்டுமென்றால் அவருக்கு ஒரு காரணம் கொடுத்தாக வேண்டும்.

‘அது முன்னோர்கள் வழிவந்த குதிரை, ஆகவே—’ (பொய்.)

‘அவர் ஒரு முரடர், பிடித்த பிடியை—’ (முரடர் சோடா குடித்துவிட்டுத் திரும்பி வரமாட்டார்.)

எனக்குத் தோன்றாததைத் தீர்த்தம்மாளே கேட்டுவிட்டாள்.

“சந்தைக்கு ஓட்டிக்கினு போனீங்க இல்ல? வெல படிஞ்சிதுன்னுதான சொன்னாங்க. ஏன் திருப்பி ஓட்டியாந்தீங்க?”

மாரப்பன் கார்மேல் ஒட்டியிருந்த முடியைக் கிள்ளிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“கண்ணம்மான்னு சொன்னா அது காத திருப்புது.”

“என்னா?”

“பொழுது எறங்குனா போயி அது பக்கத்துல நிப்பன். கண்ணம்மான்னு சொல்லுவன். காத திருப்பி வாசப் பக்கம் பாக்கும். இந்த வூட்டுல அந்தப் பேர நாம ரெண்டு பேரும் எடுக்கறதில்ல. அதுங்கிட்டதான் சொல்றன்.”

தீர்த்தம்மாளும் அந்தப் பெயரைச் சொல்லி வெகு நாளாயிற்று. சொன்னால் அழுகை வரும் என்பதால்தான் இருவரும் சொல்லாமல் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் அது தெரியாமலும் இருந்தார்கள்.

“அத எங்கனா கொண்டுபோயி வுடுங்க மொதல்ல. விக்க வேணாம். வுட்டுட்டு வாங்க. நான் களி கிண்டறன்” என்றாள்.

6

வத்தல்மலை அடிவாரத்தில் வீரன் என்று ஒருவர். மலையிலிருந்து சாமையும் தேனும் கொண்டுவருபவர், மாரப்பனுக்குப் பழக்கம். ஆடி முடியும்வரை செவலை அவரிடம் இருக்கட்டும் என்று விட்டுவந்தார் மாரப்பன்.

வீட்டில் தீர்த்தம்மாள் கேழ்வரகுக் களியை இளஞ்சூட்டில் உருண்டை பிடித்து, காரில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். ஓர் ஒற்றுக்கு ஒரு கொத்து முடி வந்தது. பானெட்டை அவள் எடுத்துக்கொண்டாள், சீட்டின் மடிப்புகளை அவர் எடுத்துக்கொண்டார். முடி போன இடத்தில் களி ஒட்டியது. களிக்குக் கோழிகள் வந்தன. கோழிகள் பானெட்டில் ஏறி நின்று கொத்தின. கொத்திய கையோடு வேறொன்றும் செய்துவைத்தன. கன்றுக்குட்டி கதவை நக்கியது. எல்லாவற்றையும் விரட்டி, சீயக்காய் கரைத்துக் கழுவி, துடைத்து, மறுபடி ஒற்றி, தீர்த்தம்மாளின் பழைய பட்டுப்புடவையால் மூடியபோது ஆடிப் பதினேழு முடிந்திருந்தது. காரில் ஒரு முடி இல்லை. சத்தியமாக இல்லை. எழுதியவனே சொல்கிறேன்.

 இதைப் பரிசோதிக்காமல் எழுதக் கூடாது என்று, அடுத்த வீட்டுக்காரர் காரில் அவர் நாய் உட்காரும் சீட்டில் களி உருண்டையை ஒற்றிப் பார்த்தேன். முடி வந்தது. அவர்தான் இப்போது என்னிடம் பேசுவதில்லை.

7

நீங்கள் எதிர்பார்க்கும் முடிவு எனக்குத் தெரியும். திரும்பி வரும் வழியில் கார் நின்றுபோகும். பெட்ரோல் தீரும், அல்லது ஆற்று மணலில் சக்கரம் புதையும். வீரன் செவலையைக் கொண்டுவருவார். செவலை காரை இழுக்கும். மாப்பிள்ளை வெட்கப்படுவார். குதிரை ஜெயிக்கும்.

அதை எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பிறகு கிழித்துப் போட்டேன். தும்மல் வருகிற மனிதனுக்குக் குதிரை காரை இழுத்தால் மட்டும் தும்மல் நின்றுவிடுமா? அந்த மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. மூக்கால் அவமானப்பட்டவர், அவ்வளவுதான். அவரைத் தோற்கடித்து எனக்கு என்ன கிடைக்கப் போகிறது?

எனவே கார் நிற்காது. ஓடிக்கொண்டேயிருக்கும்.

8

ஆடிப் பதினெட்டு காலை. மாரப்பன் சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் புதுத் துண்டு போட்டுக்கொண்டு காரை எடுத்தார். கார் ஓட்டுவது அவருக்குப் பாதிதான் வந்திருந்தது. நிறுத்த வேண்டுமென்றால் ஸ்டியரிங்கைக் கடிவாளம்போல் நெஞ்சுப் பக்கம் இழுத்து “ஓ… ஓ…” என்பார். பிரேக் அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

தருமபுரியைத் தாண்டி, கொஞ்சம் வழி விலகினால் வீரன் வீடு. (வரைபடத்தை எடுக்காதீர்கள். விலகினால் வரும் என்றால் வரும்.) அவர் போயிருக்கக் கூடாது. நான் தடுத்தேன். ‘மாரப்பன் நேராக மொரப்பூர் போனார்’ என்று இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் அடிக்க வேண்டியதாயிற்று. அவர் விலகிப் போய்விட்டார்.

காரைத் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்து போனார். அவ்வளவு எச்சரிக்கை இருந்தது பாவம்.

“கண்ணம்மா வர்றா” என்று செவலையிடம் சொன்னார்.

செவலை காதைத் திருப்பியது. பிறகு நெற்றியை அவர் தோளில் வைத்து மேலும் கீழுமாக உராய்ந்தது. மாரப்பன் நின்றார். அந்தச் சேதியைச் சொல்வதற்கு அவருக்கு வேறு யார் இருந்தார்கள்?

9

மொரப்பூரில் மாப்பிள்ளை காரைச் சுற்றிவந்து பார்த்தார். கதவில் விரலை வைத்துப் பார்த்தார். முகம் தெளிந்தது.

“நல்லாத்தான் வெச்சிருக்கீங்க மாமா. அன்னிக்கி நானும் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டன்.”

“அதெல்லாம் என்னாங்க மாப்ள. ஏறுங்க.”

மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்தார். கண்ணம்மாள் பின்னால், அப்பாவுக்கு நேர் பின்னால். கொஞ்சம் இளைத்திருந்தாள். “எப்பிடி இருக்க?” என்று கேட்டார் மாரப்பன். “இருக்கன்ப்பா” என்றாள். கார் கிளம்பியது.

கொஞ்ச தூரம் போனதும் மாப்பிள்ளை தும்மினார்.

“தூசிங்க” என்றார் மாரப்பன்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. மாப்பிள்ளை சீட்டைத் தடவிப் பார்த்தார். கதவைப் பார்த்தார். காலடியில் பார்த்தார். ஒன்றும் இல்லை. இருக்காது. ராத்திரி பகலாக இரண்டு பேர் களியால் ஒற்றிய கார். அந்தக் காரில் அழுக்கு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், அது ஓட்டிக்கொண்டிருந்தது.

கண்ணம்மாள் பார்த்துவிட்டாள். அப்பாவின் வலது தோளில், வெள்ளைத் துண்டின்மேல், செம்முடி. அவளுக்குத் தெரியாத முடியா? சிறுவயதில் அவள் பாவாடையிலிருந்து தீர்த்தம்மாள் திட்டித் திட்டிக் கிள்ளிய முடி. அவள் மெல்லக் கைநீட்டி எடுத்தாள். இன்னொன்று. இன்னொன்று. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். தோளில் மகளின் விரல் படுவது மாரப்பனுக்குத் தெரிந்தது. ஏன் என்றும் தெரிந்துவிட்டது. கண் நிறைந்து ரோடு மங்கியது.

“மாமா” என்றார் மாப்பிள்ளை, மூக்கைப் பிடித்துக்கொண்டு. குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. “குதிரய நெசமாவே வித்துட்டீங்களா?”

ஆள் மூலம் சொல்லி அனுப்பிய பொய்யைத் தன் வாயால் சொல்ல மாரப்பனுக்கு வரவில்லை. ஸ்டியரிங்கை நெஞ்சோடு சேர்த்து இழுத்தார். “ஓ… ஓ…” என்றார். கார் நிற்கவில்லை.

மாப்பிள்ளை பின்பக்கம் திரும்பினார். “நீ சொல்லு.”

10

மோட்டார் பத்திரிகைக்கு என் மூன்றாவது யோசனை இப்போது கிடைத்துவிட்டது: காரில் ஏறுமுன் உங்கள் தோளைத் தட்டிக்கொள்ளுங்கள். அனுப்பிவிட்டேன். மலரில் இதை மட்டும் போடுவார்கள் என்று நினைக்கிறேன்.

கண்ணம்மாள் சொல்வதற்கு மூன்று பதில்கள் எழுதினேன்.

‘வித்தாச்சு, வெறும் தூசிதான்—’ (இதைச் சொன்னால் அவள் வீட்டுக்குப் போவாள். செவலையை இனி எந்நாளும் பார்க்க மாட்டாள்.)

‘விக்கல. விக்கவும் வேணாம்—’ (சொன்னால், அடுத்த ரயில்.)

மூன்றாவது, கையை விரித்து முடியைக் கணவனிடம் காட்டி, ‘இது இருந்த வூட்டுலதான் நான் வளந்தன். உங்களுக்குத் தும்மலு வருது, எனக்கு—’

அதை முடிக்கத் தெரியவில்லை. முடித்தால் அந்த மனிதர் என்ன செய்வார் என்பதும் தெரியவில்லை. இரண்டு வருஷம் ஜன்னலில் நின்றவள் அவள். என் இரண்டு பக்கக் கட்டுரைக்காக அவள் வாயில் வார்த்தையைத் திணிக்க எனக்கு மனசு வரவில்லை.

முடியை அவள் வெளியே எறியவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஆடிக் காற்று. எறிந்தால் உள்ளேதான் திரும்ப வரும்.

கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை மூக்கைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது தும்மலுக்குத் தயாராக இருக்கிறார். இண்டூரில் தீர்த்தம்மாள் யாருமில்லாத கொட்டகைக்குள் போய் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறாள். கண்ணம்மாள் கையை மூடியபடி வாயைத் திறக்கிறாள்.

உங்களுக்கு அப்பா வீடு என்று ஒன்று இருந்திருக்கும். நீங்களே அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள், சீக்கிரம். மாரப்பனுக்கு நிறுத்தத் தெரியாது.