ஜெரேனியத்துக்குப் போட்ட உப்பு

1.
உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1976 கோடையில் சதுரங்கப்பட்டினத்தில் பஸ் நின்றபோது, ஒருவன் தோளில் தண்ணீர்க் குடத்தோடு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவே சிரித்தது. அந்தக் குப்பத்தில் ஆண்கள் குடம் தூக்க மாட்டார்கள். இவன் ஏன் தூக்கினான்? அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2.
‘கடற்காற்றில் அவள் கூந்தல்...’

சே! கூந்தலாவது, காற்றாவது! அடித்துவிட்டேன்.

அவன் பெயர் இருசப்பன். மனைவி சொர்ணம் கோத்தகிரிக்காரி, எஸ்டேட் பங்களாத் தோட்டக்காரரின் மகள். (மீன்காரனுக்கு மலைப்பெண் எப்படி என்று கேட்காதீர்கள். கருவாட்டு லாரி அங்கேயும் போகும்.) கல்யாணமாகி வரும்போது பிஸ்கட் டின்னில் ஒரு ஜெரேனியம் கொண்டுவந்தாள். நீலப் பூ பூக்கிற ஓடையோரத்துச் செடி. அதற்கு மண் காயக் கூடாது, உச்சி வெயில் ஆகாது. வருஷா வருஷம் மேலே காய்ந்தாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வடக்குச் சுவரோரம் நிழல் பார்த்து நட்டு, சுற்றிலும் தேங்காய் மட்டை பரப்பி, குடிக்கக் கொண்டுவந்த நல்ல தண்ணீரிலிருந்து இரண்டு வேளையும் ஒரு செம்பு விட்டாள்.

“இது இங்க பொழைக்கலைன்னா நானும் பொழைக்க மாட்டேன். எங்க ஊருக்கே போயிடுவேன்” என்றாள்.

“மெய்யாலுமா சொல்றே?”

“ஆமா.”

அன்றிலிருந்து இருசப்பன் கடலுக்குப் போகுமுன் செடியைப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

3.
ஒருநாள் அவள் திருக்கழுக்குன்றம் போயிருந்தபோது, செடியைச் சுற்றி மண்ணைப் பறித்து, இரண்டு கை கல்லுப்பைப் போட்டு மூடினான்.

[இவ்வளவு முட்டாளா என்று நானே சந்தேகப்பட்டேன். பிரதியைப் படித்த என் மனைவி, “பயந்துபோன ஆம்பள இதுக்கு மேலயும் பண்ணுவான்” என்றாள். அப்படியே விட்டுவிட்டேன்.]

இலையெல்லாம் ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வந்தது. சொர்ணம் மண்ணைக் கிளறினாள், விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“யாரு உப்பு போட்டது?”

“நான்தான். தென்னங்கன்னுக்குக் குழியில உப்பு போட்டாத்தான் ஈரம் நிக்கும்னு எங்க நைனா சொல்லிக்கினே இருப்பாரு. இதுக்கும் ஈரந்தானே வேணும்? நீ பூடக் கூடாதுன்னுதான் போட்டேன்.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் எழுத வசதியாக இருந்திருக்கும். “நல்ல தண்ணி குடம் குடமா ஊத்தி உப்பைக் கழுவணும். நம்ம கிணறே உப்பு. விடுங்க” என்று சொல்லிவிட்டுப் பையில் துணியை அடுக்கினாள்.

4.
நல்ல தண்ணீர்க் கிணறு ஊரின் பழைய கோட்டைக்கு அந்தப் பக்கம். இருசப்பன் குடத்தை எடுத்தான்.

வழியில் பக்கத்து வீட்டு அப்பாசாமி மடக்கினான். “இன்னா மச்சான், ஒரு பொடவையும் கட்டிக்கினு வர்றதுதானே?”

“கட்டிக்கினா தண்ணி கூட வருமா? வழி வுடு.”

தெரு சிரித்தது. என் பஸ் நின்றது அப்போதுதான்.

5.
செடி துளிர்த்தது என்று ஒரு முடிவு எழுதினேன். பொய்யாக இருந்தது. அவள் பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள் என்று இன்னொன்று எழுதினேன். எனக்கே மனசு கேட்கவில்லை, கிழித்துவிட்டேன்.

நிஜமாகத் தெரிந்தது ஒன்றுதான். என் பக்கத்து சீட் செங்கல்பட்டு வரை காலியாகவே இருந்தது. ஆனால் சாயங்காலம் இன்னொரு பஸ் உண்டு. அதற்குள் அவன் குடத்தோடு எத்தனை நடை நடப்பான் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடவே வையுங்கள். இரண்டு கை உப்பு போட்டிருக்கிறான், பாவி.