கெட்டி ஈயம், கொஞ்ச மருந்து

ட்வைலா பிராண்ட்வோல்டுக்கு அறுபது தாண்டியும் வாய்த்துடுக்கு குறையவில்லை. அந்த வாய்தான் அவளை மாட்டிவிட்டது.

மே மாதம், கன்றுகளுக்குச் சூட்டுக்கோலால் அடையாளம் போடும் நாள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாம் கூடி, வேலை முடிந்து பீன்ஸும் இறைச்சியும் தின்றுகொண்டிருந்தார்கள். அப்போது ஆரின் ஸ்ட்ரௌட் பழைய பாட்டை எடுத்தான். பக்கத்துப் பண்ணைக்காரன், நல்லவன், ஆனால் அவளுடைய ஃபார்ட்டி-ஃபோர் ரிவால்வர் மேல் அவனுக்கு இருபது வருஷமாகக் கண்.

"ட்வைலா, உன் மணிக்கட்டுல தகடும் திருகாணியுமா அடிச்சு வச்சிருக்காங்க. இனிமே அந்தப் பீரங்கிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற? பேப்பர் பறக்காம இருக்க மேல வைக்கப்போறியா?"

"உன் வாய் மேல வைக்கலாம்னு இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவள் ட்வைலா இல்லையே!

"செப்டம்பர்ல சுடற போட்டி வருதுல்ல, அதுல கடைசிச் சுத்து ஆறு குண்டும் கறுப்பு வட்டத்துக்குள்ள போடறேன். ஒண்ணு வெளிய போனாலும் துப்பாக்கி உனக்கு. நீ சொன்ன விலைக்கே தரேன். போதுமா?"

அந்த ஊரில் எழுதிக் கொடுத்ததை மறந்தாலும் மறப்பார்கள், சாப்பாட்டு மேசையில் சொன்னதை மறக்கமாட்டார்கள். ஆரின் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவன் கேலன் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தான்.

அந்த ரிவால்வர் அவளுக்கு வெறும் இரும்பு இல்லை. கல்யாணத்துக்கு முன், தானே வளர்த்த கிடாரியைச் சந்தையில் விற்றுத் தானே வாங்கியது. நிலம் மாமனார் வழி, வீடு வங்கி வழி, மாடுகள் இருவருக்கும் பொது. தனக்கே தனக்கு என்று சொல்லிக்கொள்ள அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். அது போய்விடுமோ என்ற பயம் அன்று இரவே பிடித்துக்கொண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன புண்ணியம்?

பிப்ரவரியில்தான் கை முறிந்தது. கன்றைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கதவு திரும்பி வந்து அறைந்ததில் வலது மணிக்கட்டு இரண்டாகிப்போனது. கரடி நடமாடும் மலை என்பதால் அந்த வட்டாரத்தில் இடுப்பில் கட்டும் ரிவால்வருக்குக் கெட்டியான குண்டும் நிறைய வெடிமருந்தும்தான் போடுவார்கள். சுட்டால் கை தோள் வரை அதிரும். முறிந்து கூடிய எலும்புக்கு அது ஆகாது. காகிதத்தைத் துளைக்க அத்தனை உதை எதற்கு? அவளுக்குத் தேவை மெல்லிய மருந்து போட்ட இலக்குத் தோட்டா.

அதற்கு வெளியே போக வேண்டியதில்லை. குண்டு வார்ப்பதில் கேலனை மிஞ்ச அந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. கொட்டகையில் ஈயத்தை உருக்கி, மெழுகுத் துண்டு போட்டுக் கசடெடுத்து, அச்சில் ஊற்றி, ஒவ்வொரு குண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சுருக்கம் விழுந்ததைத் திரும்பப் பானையிலேயே எறிவான். கரடிக்கு ஒரு கணக்கு, காகிதத்துக்கு ஒரு கணக்கு என்பான். மூடிப்போன செய்தித்தாள் ஆபீஸிலிருந்து வாங்கிய கெட்டியான அச்செழுத்து ஈயம் கரடிக்கு. பழைய தண்ணீர்க் குழாய்களை வெட்டி எடுத்த மெத்து ஈயம் காகிதத்துக்கு. தபால் நிலைய ஓடகார்ட் அம்மாள் எழுபத்தெட்டு வயதில் பரிசு வாங்குவது அவன் வார்த்துத் தரும் மெத்துக் குண்டில்தான்.

"மெல்லிசா போட்டுக் குடு கேலன்," என்று ட்வைலா கேட்டாள். "இந்தக் கை தாங்கணும்."

"சரி," என்றான்.

எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசுகிறவன் ஒரே வார்த்தையில் சரி என்றபோதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

கோடை முழுக்கப் பழகினாள். சரளைக்கல் பள்ளத்தின் மேட்டில் அட்டை நட்டு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறுப்பு வட்டம் ஒட்டி, போட்டியில் போலவே நாலு சுற்று, சுற்றுக்கு ஆறு குண்டு சுடுவாள். முதல் சுற்று அழகாக விழும். ஒரு கையால் மறைத்துவிடலாம், அவ்வளவு நெருக்கம். அவளுக்கே சிரிப்பு வரும். இரண்டாவது சுற்று கொஞ்சம் சிதறும். மூன்றாவதில் ஒன்றிரண்டு வட்டத்தைத் தாண்டும். நாலாவது சுற்று, கண்ணைக் கட்டிக்கொண்டு உப்பு தூவியது போல இருக்கும்.

வலி இல்லை, நடுக்கமும் இல்லை. ஆனால் சுடச்சுட மோசமாகிறதென்றால் கை சோர்கிறது என்றுதானே அர்த்தம்? அவள் ரப்பர் பந்தை அமுக்கினாள். வெந்நீரில் கையை ஊற வைத்தாள். பால் வாளியைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். ஆகஸ்ட் வந்தும் நாலாவது சுற்று நாலாவது சுற்றாகவே இருந்தது.

"கை சோர்ந்துடுது கேலன். என் கைதான், ஆனா யாரோ இரவல் குடுத்த மாதிரி இருக்கு."

"கைக்கும் வயசாவுதுல்ல," என்றான் அவன், அவள் முகத்தைப் பாராமல். "குடு, நான் தொடைச்சு வைக்கறேன். அந்தக் கையோட நீ ஏன் கஷ்டப்படற?"

கோடை முழுக்கத் துப்பாக்கியை அவன்தான் சுத்தம் செய்தான். எத்தனை அன்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஓரிரவு தலையணையில் முகத்தைப் புதைத்து அழவும் செய்தாள். துப்பாக்கி போகிறதே என்பதைவிட, தன் கை தன்னைக் கைவிட்டதே என்றுதான் அழுகை வந்தது.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில் கேலன் காளை ஒன்றை ஏலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான். ட்வைலா தனியாகப் பழகிவிட்டு வந்து, துப்பாக்கியைத் தானே துடைக்க உட்கார்ந்தாள். தூரிகை குழலுக்குள் போகவே மறுத்தது. தள்ளி, திருகி, வெளியே இழுத்தபோது சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக ஏதோ உதிர்ந்தது. விளக்குக்கு எதிரே பிடித்துக் குழலுக்குள் பார்த்தாள். குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளமே தெரியாத அளவுக்கு உள்ளே ஈயம் அப்பியிருந்தது.

இதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள், ஆரின் துப்பாக்கியில். இரண்டு வருஷம் முன்னால் அவன் கெட்டிக் குண்டுக்கு மெல்லிய மருந்து போட்டுக்கொண்டு வந்து மானம்கெட்டான். மெத்து ஈயம் என்றால் கொஞ்சம் மருந்து தள்ளினாலே அடி பருத்துக் குழலை அடைத்துக்கொள்ளும். கெட்டி ஈயம் பருக்காது. இடுக்கு வழியே நெருப்புக்காற்று புகுந்து ஈயத்தை உருக்கிக் குழலெல்லாம் பூசிவிடும். சுடச்சுடப் பூச்சு ஏறும், குண்டு திசை மாறும். "கெட்டி ஈயத்துக்குக் கொஞ்ச மருந்து, குழலுக்குச் சனி" என்று ஆரினை அந்தக் குளிர்காலம் முழுக்கக் கேலி செய்தவன் வேறு யாருமில்லை, கேலன்தான்.

அவள் தன் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துக் குண்டின் மேல் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறினாள். கீறல் விழவில்லை. இன்னொன்று, அதிலும் விழவில்லை. ஓடகார்ட் அம்மாளுக்குக் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து கீறிப் பார்த்தாள். நகம் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

மறதியா? நாற்பது வருஷமாக வார்க்கிறவனுக்கு இது மறக்காது. சமையல்காரன் பாயசத்தில் உப்பை அள்ளிப் போட்டால் அது கைத்தவறு இல்லை. ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை வாங்கித் துடைத்து வைத்ததும் இந்த ஈயம் அவள் கண்ணில் படாமலிருக்கத்தான்.

ஏலத்திலிருந்து வரட்டும், அந்தத் தூரிகையாலேயே நாலு சாத்து சாத்தலாம் என்று முதலில் நினைத்தாள். பிறகு கொட்டகைக் கதவுகளை அகலத் திறந்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். அவன் பதுக்கி வைத்திருந்த குழாய் ஈயத்தைப் பானையில் போட்டாள். அச்சு சூடேறாமல் முதல் குண்டுகள் கிழவியின் கன்னம் போலச் சுருங்கி விழுந்தன. திரும்பப் போட்டாள். அச்சின் கனம் இடது கைக்கு, கரண்டி வலது கைக்கு. அந்தி சாய்வதற்குள் வழவழவென்று ஒரு வரிசை தேறியது. அவன் போடும் அதே மெல்லிய அளவு மருந்தில் கட்டி, அவன் கட்டிய தோட்டாக்களை எடுத்துவிட்டு, அதே பெட்டியில் இவற்றை அடுக்கினாள். குழலில் அப்பியிருந்த ஈயத்தையும் சுரண்டி எடுத்தாள். அவன் வந்தபோது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து, "கை ஓய்வெடுக்கட்டும்" என்று பழகுவதை நிறுத்திக்கொண்டாள். கேலன் நிம்மதியாகத் தலையாட்டினான். அந்த நிம்மதியைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போட்டி நாளில் ஆரின் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். இடுப்பில் புதுத் தோல் உறை, வெறும் உறை.

"அம்மணி, அளவு சரியா இருக்கா பாரு."

"நல்லா இருக்கு. அதுல வாழைப்பழம் வச்சுக்கோ."

முதல் சுற்று வட்டத்துக்குள் விழுந்தது. இரண்டாவதும் உள்ளே. மூன்றாவது சுற்றில் ஆரினின் சிரிப்பு சுருங்கியது. கேலன் வேனின் பின்கதவில் சாய்ந்து நின்றிருந்தவன் நிமிர்ந்தான். நாலாவது சுற்றுக்கு ட்வைலா மூச்சை இழுத்துவிட்டாள். கை சோரவில்லை. ஒருபோதும் சோர்ந்ததில்லை. ஆறாவது குண்டு அட்டையைத் துளைத்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓடகார்ட் அம்மாள்தான் போய்ப் பார்த்துவிட்டு, "ஆறும் உள்ள! ஒரு காபிக் கோப்பைய வச்சு மூடிடலாம்!" என்று கூவினாள்.

கைதட்டல் அடங்குமுன் ட்வைலா வேனுக்கு நடந்தாள். சட்டைப் பையிலிருந்து வார்த்த குண்டு ஒன்றை எடுத்துப் பின்கதவின் இரும்பில் போட்டாள். கணீர் என்றது. இன்னொன்றைப் போட்டாள். தொப் என்றது.

"முதல்ல போட்டது உன் அலமாரியில எடுத்தது. ரெண்டாவது நான் வார்த்தது. இப்ப அதத்தான் சுட்டேன்."

பின்னாலேயே வந்த ஆரினுக்குக் கெட்டி ஈயத்தின் அந்தக் கணீர் நன்றாகத் தெரிந்த சத்தம். "ஐயையோ கேலன்," என்றான் மெதுவாக. "நீயா? இவளுக்கா?"

"ஏன்?" என்றாள் ட்வைலா. "அத மட்டும் சொல்லு."

கேலன் தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டினான். "பிப்ரவரியில அந்தக் கதவு அடிச்சப்ப நான் பத்தடி தள்ளி நின்னேன். எலும்பு முறிஞ்ச சத்தம் என் காதுல விழுந்துச்சு. இன்னும் விழுது. நீ அந்தத் துப்பாக்கிய எடுக்கறப்பல்லாம் விழுது. திரும்ப ஒடஞ்சா ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"அத என்கிட்ட சொல்றதுக்கென்ன? பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தூக்கி ஆரின்கிட்ட குடுத்திருப்பேன்!"

"தெரியும்," என்றான் கேலன். "அதனாலதான் சொல்லல. எனக்காக நீ அத விட்டேன்னு இருக்கக் கூடாது, பந்தயத்துல போனதா இருக்கட்டும்னு நெனச்சேன். நம்ம வீட்டுல அது ஒண்ணுதான் உன்னோடது."

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்து, எது முதலில் என்று முட்டிக்கொண்டன. கோபம்தான் ஜெயித்தது.

"அதுக்காக என் கை செத்துப்போச்சுன்னு என்னையே நம்ப வச்சியா? ராத்திரி அழுதேன்டா, மடையா! துப்பாக்கி போனா போகட்டும், கையும் என்னோடதுதானே?"

கேலனுக்கு இது தோன்றியிருக்கவே இல்லை. கண் நிறைந்துவிட்டது. ஆரின் சட்டென்று தன் பூட்ஸை ஆராயத் தொடங்கினான்.

"இனிமே என் குண்ட நானே வார்த்துக்கறேன்," என்றாள்.

"அப்ப நான்?"

"நீ பக்கத்துல உக்காந்து பயப்படு. வாயத் தெறந்து, எனக்குக் கேக்கற மாதிரி பயப்படு."

கேலன் தலையாட்டினான். பிறகு, அத்தனை பேர் பார்க்க, பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறையாக அவளுடைய வலது மணிக்கட்டைத் தொட்டான். தகடு இருந்த இடத்தில் விரலை வைத்து, "பயமா இருக்கு," என்றான்.

"கேட்டுச்சு," என்றாள் ட்வைலா. கையை இழுத்துக்கொள்ளவில்லை.