மாமா வீட்டுக்கு எதிர்க்கரை

காலையில் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும்போது, புங்குடுதீவுப் பெருவீதியில் ஓரிடத்தில் மட்டும் கேதீஸ்வரி மறுகரைக்கு மாறுவாள். அங்கே கடையும் இல்லை, கோயிலும் இல்லை. வலக்கரையில் அவளுடைய அண்ணன் கோபிசங்கரின் வீடு இருந்தது, அவ்வளவுதான். அந்த வீட்டு வாசற்படலை கண்ணில் பட்டதும் நிலாந்தினியின் கையை இழுத்துக்கொண்டு வீதிக்குக் குறுக்கே விறுவிறென்று நடப்பாள். வீடு தாண்டியபின் திரும்ப இந்தக் கரைக்கு வருவாள்.

கோபத்துக்குக் காரணம் பெரிதில்லை. புதுவீடு குடிபூரலுக்கு அண்ணன் நேரில் வராமல் போனில் சொல்லிவிட்டான். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, கூடப்பிறந்தவளுக்கு வாசலில் வந்து நின்று சொல்லவேண்டும். அவள் போகவில்லை. பேச்சு நின்றது. பேச்சில்லாத வீட்டு வாசலால் நடந்து போவது தோற்றுப்போவது என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

"உம்மடை ஆட்டுக்கும் இதைச் சொல்லிக் குடும் கேதீஸ்வரி," என்று பக்கத்து வீட்டு நல்லம்மா ஒருநாள் சிரித்தாள். "அது ரோசமில்லாமல் உம்மடை அண்ணையின்ரை வேலியிலை குழை தின்னுது."

"ஆட்டுக்கு மானமில்லை அக்கா. எனக்கு இருக்கு."

முந்தி அந்த வீதியில் சைக்கிள்தான் ஓடும். இப்போது வழுவழுவென்று தார் போட்டிருக்கிறார்கள். நயினாதீவுக்குப் படகு பிடிக்கக் குறிகட்டுவான் துறைக்குப் போகும் வான் வண்டிகள் பறக்கின்றன. கோபிசங்கரின் வீடோ ஒரு வளைவை அடுத்து இருந்தது. பின்னால் வரும் வாகனம் கிட்ட வரும்வரை தெரியாது.

ஒருநாள் கேதீஸ்வரிக்குக் காய்ச்சல். எழும்ப ஏலாமல் பாயில் கிடந்தபடி மகளைத் தனியே அனுப்பினாள்.

"மாமா வீட்டடியிலை மறக்காமல் அங்காலை மாறிப் போ பிள்ளை."

"ஓம் அம்மா."

வாகனம் பார்த்து மாறு என்று சொல்ல அந்தத் தாய்க்கு நினைவு வரவில்லை.

படலையடியில் மாமி சுலோஜனா வாசல் கூட்டிக்கொண்டு நின்றாள். மாமி கண்டால் சிரிப்பாள், தானும் சிரிக்கவேண்டி வரும். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு குறுக்கே ஓடியது. வளைவால் வான் வந்தது. பிறேக் பிடித்த சத்தத்தில் அக்கம்பக்கமெல்லாம் வெளியே வந்தது.

செய்தி கேட்டுக் கேதீஸ்வரி காய்ச்சலோடு ஓடி வந்தபோது, நிலாந்தினி கோபிசங்கரின் மடியில் கிடந்தாள். நெற்றியில் இரத்தம். இடக்கை ஒரு மாதிரி மடங்கியிருந்தது. வான் சாரதி அவளிடம் ஓடி வந்தான்.

"படகுக்கு நேரமெண்டு வேகமாத்தான் வந்தனான் அக்கா, பொய் சொல்லேல்லை. ஆனா வளைவிலை இப்பிடிப் பிள்ளை குறுக்கை ஓடுமெண்டு..."

"கரையாலைதானே வந்துகொண்டிருந்தனீ," என்று சுலோஜனா பிள்ளையின் தலையைத் தடவினாள். "என்னத்துக்கு ராசாத்தி நடு றோட்டுக்கு ஓடினனீ?"

"உங்கடை வாசலாலை போனா அம்மாவுக்கு மரியாதை இல்லையாம் மாமி."

கூடி நின்றவர்கள் கேதீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார்கள். கேதீஸ்வரி நிலத்தைப் பார்த்தாள்.

"தங்கச்சியை ஒருத்தரும் ஏசாதேங்கோ," என்றான் கோபிசங்கர். "இதுகள் வளைவிலை மாறுறதை நான் விறாந்தையிலை இருந்து நெடுகப் பாக்கிறனான். ஆபத்தெண்டு தெரியும். இதாலை வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான் ஏன் முதல்லை கதைக்கோணும் எண்டு இருந்திட்டன்."

பிறகு அவனே பிள்ளையைத் தூக்கி அதே வானில் ஏற்றினான். தங்கையும் சுலோஜனாவும் ஏறினார்கள்.

தெய்வச் செயல், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆசுப்பத்திரியில் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். பின்னேரம் கட்டிலைச் சுற்றி மூவரும் நின்றார்கள். பிள்ளைதான் கேட்டது.

"அம்மா, இனிப் பள்ளிக்கூடம் போகேக்கை எந்தக் கரையாலை போறது?"

கேதீஸ்வரி அண்ணனை ஒருதரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"வலக்கரையாலைதான் மகள், எதிர்த்து வாற வாகனம் கண்ணுக்குத் தெரியிற கரையாலை. மாமா வீட்டு வாசலாலை. றோட்டிலை கால் வைச்சா ஆரின்ரை வீடு, ஆரோடை கோபம் எண்டு பாக்கக் கூடாது. என்ன வாகனம் வருகுது எண்டு மட்டுந்தான் பாக்கோணும். அம்மா என்ரை மானத்தைப் பாத்து நடந்தன். உன்ரை உயிரைப் பாக்கேல்லை."