முறைத் தண்ணீர்

"அப்பா, ஜெயிச்சும் இவா ஏன் சிரிக்கலே?"

1967ஆம் வருஷம் ஒரு மாலை, மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்த ஆறு வயது அரவிந்தவல்லி இப்படிக் கேட்டுவிட்டாள். அவள் அப்பா ஸம்பத்குமார், திருவள்ளூருக்கு அருகே ஒரு கல்லூரியில் விளையாட்டு ஆசிரியர். அவருடைய சடுகுடு அணி அப்போதுதான் வென்றிருந்தது. பையன்களோ அடுத்த விசிலுக்காகத் தலை குனிந்து வரிசையில் நின்றார்கள்.

"அதான் கட்டுப்பாடு" என்றார். குழந்தைக்கு அது போதவில்லை. யோசித்துப் பார்த்தால் அவருக்கும் போதவில்லை.

காலை ஆறு மணிக்குப் பயிற்சி. தாமதமாக வருபவன் ஐந்து சுற்று ஓட வேண்டும்; காரணம் சொல்லக் கூடாது. இதுதான் அவர் சட்டம். குப்புராஜ் மூன்று சனிக்கிழமை தாமதமாக வந்து, மூன்று முறையும் வாய் திறக்காமல் ஓடினான். இன்னொரு முறை தாமதித்தால் அணியில் இடமில்லை என்று சொல்லியிருந்தார். வரும் சனிக்கிழமை சென்னையில் இறுதிப் போட்டி. ஆறு மணிக்கு மைதானத்தில் கூடி, ஏழு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவர் அணித்தலைவன் சடையப்பனைத் தனியே அழைத்தார். குப்புராஜின் ஊர்க்காரன் அவன்.

"குப்புராஜ் சனிக்கிழமை மட்டும் ஏன் லேட்டா வரான்?"

"இன்னிக்கித்தான் சார் கேக்குறீங்க. அவன் நைனா கை ஒடிஞ்சி ஊட்ல கீறாரு. சனிக்கெயம விடிகாலைல ஏரித் தண்ணி அவங்க மொற. இவன்தான் மடை தொறக்கணும்."

"நாளைக்கு?"

"பயிரு போனா போவுது, டீமுக்கு வரேன்னுட்டான். கதிரு பால் புடிக்கிற நேரம் சார், பூரா பதராப் பூடும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அதுக்கும் சார் அஞ்சி ரவுண்டு வுட்டுடப் போறாருன்னு என்னை ஏசுவான்."

அன்று மாலை வீரராகவப் பெருமாள் சந்நிதியில் ஸம்பத்குமார் வெகுநேரம் நின்றார். இத்தனை வருஷமாகத் தம் குறைகளையெல்லாம் இங்கேதான் சொல்லி வந்திருக்கிறார். பெருமாள் ஒரு நாளும் விசில் ஊதி நிறுத்தியதில்லை.

மறுநாள் விடியுமுன் சைக்கிளில் இரண்டு மைல் போனார். சடையப்பனிடம் கேட்டு வைத்திருந்த அடையாளப்படி, ஒற்றைப் பனைக்குக் கிழக்கே இருந்த குப்புராஜ் வீட்டுக் கழனியில் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, மடையைக் கையாலேயே பறித்துத் திறந்தார். கடைசி வரப்புவரை தண்ணீர் ஏறும்வரை காத்திருந்து அடைத்துவிட்டுத் திரும்பினார்.

மைதானத்தில் அணி காத்திருந்தது. மணி ஆறு இருபது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடத் தொடங்கினார்.

மூன்றாம் சுற்றில் குப்புராஜ்தான் சொன்னான்: "சார், மூச்சு வுடக் கூடாது. சடுகுடுன்னு பாடிக்கினே ஓடுங்க."

ஏழு பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்; மூச்சு இரைத்தது.

"இனிமே சனிக்கிழமைப் பயிற்சி சாயங்காலம்" என்று ரயிலில் சொன்னார். காலையில் ஏன் தாமதம் என்று அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நகக்கண்ணில் சேறு இருந்த கையை மடக்கி வைத்துக்கொண்டார்.