பெட்டியாகப் பேசியவள்

பேசும் பெட்டியைச் செய்வதற்கு முன், ஒரு மனுஷியைப் பெட்டியாக உட்காரவைத்துப் பேசவிட்டுப் பார்ப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். தனியாக வாழும் முதியவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமலே மாதக்கணக்கில் உழைத்துவிட்டு முழிப்பதற்கு இது எவ்வளவோ மேல். அவர்கள் வீட்டில் வெறும் ஸ்பீக்கரும் மைக்கும்தான். அவர்கள் பேசினால், அலுவலக அறையில் ஹெட்போன் மாட்டிய அவள் பதில் சொல்வாள். அவள் குரல் இயந்திரக் குரலாக மாறிப் போய்ச் சேரும்.

சோதனை வீடுகளில் ஒன்று அவள் அப்பாவுடையது. யாருக்கும் சொல்லாமல் அவளே கமுக்கமாகச் சேர்த்தது. கல்யாண விஷயத்தில் முறுக்கிக்கொண்டு, மகள் முகத்தில் முழிக்கவே மாட்டேன் என்ற மனுஷர், பெட்டியிடம் வாய் ஓயாமல் பேசினார். முழங்கால் வலி, ஒழுகும் குழாய், பக்கத்து வீட்டுக்காரன் அலட்டல், எல்லாம் வந்தது. மகளைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. ஒருநாள் தன் பேச்சை எடுக்கமாட்டாரா, "நான்தான்ப்பா" என்று சொல்லிவிடமாட்டோமா என்று அவள் ஏங்கிக் கிடந்தாள். வேலை பார்த்த லட்சணம் அது.

காய்ச்சலில் படுத்து எழுந்து வந்த அன்று, டீம் லீடர் வாயெல்லாம் பல்லாக நின்றார். வாடிக்கையாளர் தேவை என்னவென்று கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்பதால் அவருக்கு 'தேவை' என்றே பெயர்.

"அந்த முழங்கால் வலிப் பெரியவர் போன் பண்ணாரும்மா. எனக்கு வேணுங்கிறதை இப்பத்தான் பெட்டி குடுக்குதுன்னார். வீட்லேர்ந்தே பேசினியா?"

"தொண்டை கட்டிப் படுத்திருந்தேன் சார். குரலே வரலை."

"அப்ப யாரு? இந்த அறைக்கே யாரும் வரலையே."

அவள் ஓடிப்போய் ஹெட்போனை மாட்டினாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். கூடவே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். அந்த வீட்டில் அவரைத் தவிர ஈ காக்கை கிடையாது. குரல் மாற்றியை அணைத்தாள்.

"அப்பா, நான்தான்ப்பா. உங்க மக."

சிரிப்பு நின்றது.

"என்னம்மா இது, பெட்டி உன் குரல்ல பேசுது?" என்று அப்பா யாரிடமோ கேட்டார்.

குழாயை மூடும் சத்தம் கேட்டது. காலடி நெருங்கி வந்தது. பிறகு அவளுடைய சொந்தக் குரல், கொஞ்சம்கூடப் பதறாமல் சொன்னது:

"அது மெஷின்தானேப்பா. நமக்கு இனிமே எதுக்கு? ஆஃப் பண்ணிடறேன்."

"பண்ணிடு கண்ணு," என்றார் அப்பா, அவள் இத்தனை காலம் ஏங்கிய கனிவோடு.