முந்நூறு பேருள்ள கிராவன்லோ

சென்ற ஏப்ரல் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிராவன்லோ என்னும் சிற்றூரில் முந்நூறு பேர் வசித்தார்கள். அவர்களில் மூன்று பேர் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், ஒரே வீட்டில் இருந்தார்கள். ஊரின் பரப்பு ஒன்பது சதுர கிலோமீட்டர். ஒரு தேவாலயம், மூடிக்கிடக்கும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு தீயணைப்புக் கொட்டகை. 1986இல் அந்தக் கொட்டகையின் மாடியில்தான் அந்தோனிப்பிள்ளை அகதியாகப் பத்து மாதம் இருந்தார். அகதிகள் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் போகக்கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவரோ ஒரு காலையில் ரொட்டி வண்டியில் ஏறிக் கம்பி நீட்டி, கனடா வழியாக அமெரிக்கா வந்து, மருந்துக் கம்பெனியில் எஞ்சினியராகி, பத்மராணியைக் கட்டி, ஒரு மகளையும் பெற்றுவிட்டார். ஊரை விட்டுப் போகிறேன் என்று கிராவன்லோ பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போடவில்லை. ஓடிப்போகிறவன் கையெழுத்துப் போட்டுவிட்டா ஓடுவான்?

கிராவன்லோ வருடத்துக்கு வருடம் தேய்ந்தது. முந்நூறுக்குக் கீழே போனால் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள், பெயர்கூட மிஞ்சாது. 2019இல் எண்ணிக்கை சரியாக முந்நூறுக்கு வந்தபோது ஊர் அந்தோனிப்பிள்ளையை நினைத்துக்கொண்டது. அன்று டொராண்டோவில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டவருக்கு லிண்டன் நகரைத் தாண்டும் இடத்தில் காரின் சக்கரங்கள் சுழன்றன, தெரு நகரவில்லை. வீட்டிலிருந்து சரியாக முப்பது கிலோமீட்டர். அடுத்த மாதம் அங்கே ஒரு கிழவர் இறந்தார். இங்கே பத்மராணி தூங்கிக்கொண்டிருக்கையில் சமையலறையில் அந்த ஊர்த் தேவாலய மணி அடித்தது. அதன்பிறகு அவளாலும் லிண்டனைத் தாண்ட முடியவில்லை. டெக்சாஸின் ஆலனிலிருந்து இரண்டு நாள் தங்க வந்த மருமகன்முறைப் பையன் சுலக்சன், மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் மணி அடித்துவிட, ஐந்து வருடமாக பேஸ்மெண்டிலிருந்து வேலை செய்கிறான். அந்தக் கூரைக்குக் கீழே யார் தூங்கும்போது மணி அடிக்கிறதோ அவரை ஊர் எடுத்துக்கொள்ளும் என்பது அப்போதுதான் புரிந்தது. பெயரை நீக்கச் சொல்லி எழுதினார்கள். நேரில் வந்து கையெழுத்திடுமாறு மரியாதையாகப் பதில் வந்தது.

அன்றிலிருந்து பத்மராணிக்கு அந்த ஊரின் சாவுக்கணக்கோடுதான் பொழுது விடிந்தது. ஊரின் இணையப் பக்கத்தை மொழிபெயர்த்துப் படித்துப் படித்து, யாருக்கு இருமல், யாருக்கு இடுப்பு முறிவு என்று முகம் தெரியாத கிழடுகளின் நோய்நொடியெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவர்கள் நீடூழி வாழ அவள் அளவுக்கு அவர்களின் பிள்ளைகள்கூடச் செபித்திருக்கமாட்டார்கள். வீட்டில் ஒருவரையும் தங்க விடவில்லை. மூட்டைப்பூச்சி என்பாள், பெயிண்ட் அடிக்கிறோம் என்பாள். கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் இருந்த மகள் லக்ஷிகாவுக்குக் குழந்தை பிறந்தபோதும் வராதே என்றாள். இதெல்லாம் அப்பாவின் பயணப் பயம், அம்மா அதற்குக் கதை கட்டுகிறாள் என்பது லக்ஷிகாவின் எண்ணம். ஏப்ரலில் நான்கு மாதக் குழந்தையோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

“பகல்ல இஞ்ச இரு பிள்ளை. படுக்கிறதுக்கு மட்டும் ஹோட்டல் போட்டிருக்கிறன்.”

“சீரியஸ்லி, அம்மா? பெத்த மகளை ஹோட்டலுக்கு அனுப்புறீங்களா?”

பத்மராணி பேத்தியை இறக்கிவிட மனமில்லாமல் வாசல்வரை தூக்கிப் போனாள். ஆனாலும் அனுப்பினாள். கிராவன்லோவில் தொண்ணூற்று நான்கு வயது ஹெட்விக் நிமோனியாவில் கிடந்தாள்.

மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்கு, பால் கொடுத்தபடியே லக்ஷிகா சோபாவில் கண்ணயர்ந்தாள். குழந்தையும் தூங்கிவிட்டது. தோளைத் தொட்டு எழுப்பினால் போதும். பத்மராணி கையை நீட்டியபடியே நின்றாள். பேத்தி தன் வீட்டில் தூங்குவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. இன்னும் ஒரு நிமிஷம் என்று நாற்பது நிமிஷம் நின்றாள். அப்புறம் சமையலறையில் மணி அடித்தது.

ஓர் ஆளுக்கு ஓர் ஆள் என்பது ஊரின் கணக்கு. லக்ஷிகா தனியாக லிண்டனைத் தாண்டினாள். குழந்தையை ஏற்றினால் சக்கரம் மட்டும் சுழன்றது. மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டுத் தெருவோரத்தில் உட்கார்ந்து அழுதாள். கணவன் சுஹாஸ் வேலையை மாற்றிக்கொண்டு இங்கேயே வந்து சேர்ந்தான். கிராவன்லோ தன் பக்கத்தில், பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு ஊரில் ஒரு குழந்தை இருப்பதாக மகிழ்ச்சியுடன் அறிவித்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் லக்ஷிகா கேட்டாள்: “ஏனம்மா என்னை எழுப்பேல்ல?”

“பயந்துகொண்டுதான் நிண்டனான். ஆனா எழுப்ப மனம் வரேல்ல.”

லக்ஷிகா போனில் கிராவன்லோ பக்கத்தைத் திறந்து, யாரோ கொன்ராடுக்கு மூச்சுத்திணறலாம் என்று வாசித்தாள். தலையணை ஒன்றை எடுத்துவந்து, குழந்தையை அணைத்துக்கொண்டு அதே சோபாவில் படுத்தாள்.

“மணி அடிச்சாலும் எழுப்பாதீங்கோ.”

செப்டம்பரில் கொன்ராட் இறந்தார். கிராவன்லோவில் இன்றைக்கும் முந்நூறு பேர் வசிக்கிறார்கள், அவர்களில் ஐந்து பேர் இந்த வீட்டில்.