கமா வீட்டுக்கு வந்த ஏர் ஃபிரையர்

சமைக்கத் தெரியாது என்பதே கமாவுக்குத் தகுதியாகப் போயிற்று.

வீட்டுச் சாமான்களை வாங்கிச் சோதித்து, எது தேறும் எது தேறாது என்று எழுதும் மாத இதழ் ஒன்றில் அவள் பிழை திருத்துபவள். வாக்கியத்தில் மூச்சுவிட இடம் கிடைத்தால் போதும், அங்கே ஒரு கமாவைச் சொருகிவிடுவாள் என்பதால் அலுவலகத்தில் அந்தப் பெயர். நாளடைவில் வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. சமையல் சாமான்களைச் சோதிப்பவர் வேறொருவர். அவர் கால் முறிந்து படுத்துவிடவே, இதழின் ஆசிரியை கமாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மேசைக்கு அடியில் இருந்த பெரிய அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளிக் காட்டினார்.

"ஏர் ஃபிரையர். எண்ணெய் இல்லாம பொரிக்குமாம், சுடுமாம், கேக் செய்யுமாம், பழத்தை உலர்த்துமாம், முழுக் கோழியைக் கம்பியில கோத்துச் சுத்துமாம். அடுப்பே வேண்டாங்கிறான் விளம்பரத்துல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் செஞ்சு பாத்து எழுது."

"மேடம், எனக்கு வெந்நீர் வைக்கிறதே தகராறு."

"அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். சமைக்கத் தெரிஞ்சவங்க கையில ஓட்டைச் சட்டியைக் குடுத்தாலும் நல்லா வரும். நீ செஞ்சு நல்லா வந்தா அது மெஷினோட சாமர்த்தியம். அடுப்புல செஞ்சதையும் இதுல செஞ்சதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எது எதுன்னு தெரியாத ஒருத்தரைச் சாப்பிடச் சொல்லணும். அதை மட்டும் மறந்துடாதே."

இதைக் கேட்டுக் கமாவுக்கு முகம் சுண்டியிருக்க வேண்டும். ஆனால் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷமாக ஊரார் எழுதிய வாக்கியங்களுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவள். தன் பெயர் போட்டு ஒரு கட்டுரை வரப்போகிறது. பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வந்தாள்.

வீட்டுச் சமையலறை அவள் கணவனின் ராஜ்யம். அவன் நகரப் பேருந்து ஓட்டுநர். விடியற்காலை வண்டி எடுத்து, பிற்பகலில் வீடு திரும்பி, சீருடையைக்கூட மாற்றாமல் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவான். கல்யாணமான புதிதில் கமா பால் காய்ச்சிய பாத்திரத்தை அவன் சுரண்டிச் சுரண்டிப் பார்த்துவிட்டுத் தூக்கியெறிந்தான். அன்றிலிருந்து அவன் சமைப்பான், அவள் பாத்திரம் கழுவுவாள். இருவருக்கும் அதில் குறையில்லை.

அன்று அவன் உள்ளே வந்தபோது, அவன் காய் நறுக்கும் இடத்தில் கறுப்பாக, பளபளவென்று, முகம் முழுக்கக் கண்ணாடியோடு அது உட்கார்ந்திருந்தது.

"யாரு இது?" என்றான், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல.

"ஏர் ஃபிரையர். சோதனைக்கு வந்திருக்கு. கொஞ்ச நாளைக்குத்தாங்க."

"கொஞ்ச நாளைக்குன்னு சொல்லித்தான் எல்லாச் சக்களத்தியும் வீட்டுக்குள்ள வர்றது."

கூடத்திலிருந்து மாமனார் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் கால்பந்து நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் முழுக்க அவருக்கு விசில் என்றுதான் பெயர். சிரித்தாலும் விசில் அடிப்பதுபோல்தான் இருக்கும்.

முதல் வேலையாகக் கமா கையேட்டைப் படித்தாள். யாரோ அதை எந்த மொழியிலிருந்தோ மொழிபெயர்த்திருந்தார்கள். முதல் பக்கத்திலேயே அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"கேளுங்க. 'குழந்தைகளை எட்டாத உயரத்தில் வைக்கவும்.'"

"பரண்லயா?" என்றார் விசில்.

"'விசிறி ஓடினால் பயப்பட வேண்டாம், அது மூச்சு விடுகிறது.' இன்னொண்ணு இருக்கு, மாமா. 'கோழிக்குச் சற்று ஓய்வு கொடுத்து, பிறகு அவரை வெட்டவும்.'"

ஓட்டுநர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "மரியாதையா அவருன்னு சொல்லிட்டு வெட்டச் சொல்றான் பாரு," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்ததில், அடுப்பில் இருந்த வெங்காயம் தீய்ந்தது. அந்த வீட்டில் அவன் கையால் எதுவும் தீய்ந்து யாரும் பார்த்ததில்லை.

அடுத்த சில நாட்கள் கமா கைக்கு அகப்பட்டதையெல்லாம் உள்ளே போட்டாள். ரொட்டித் துண்டை வைத்துக் கதவை மூடினால், விசிறிக் காற்றில் அது எழுந்து போய் மேலே சிவந்துகொண்டிருந்த கம்பியில் ஒட்டிக்கொண்டது. மெல்லிசாக நறுக்கிய ஆப்பிளை உலர்த்தலாம் என்று வைத்தாள். துண்டுகள் கண்ணாடிக்குப் பின்னால் சுழன்று சுழன்று பறந்தன. அதை நிறுத்த மனசு வராமல் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் நீளவாக்கில் வெட்டி, துளி எண்ணெயில் பிசறி வைத்த உருளைக்கிழங்கு, பொன் நிறத்தில் மொறுமொறுவென்று வெளியே வந்தது. அவள் ஒரு துண்டைக் கடித்தாள். இன்னொன்றைக் கடித்தாள். பிறகு தட்டோடு கூடத்துக்கு ஓடினாள்.

"இது நான் செஞ்சது, மாமா."

விசில் சந்தேகத்தோடு ஒன்றை எடுத்து மென்றார். "கடையில வாங்கினதா?"

அதைவிடப் பெரிய பாராட்டை அவள் அதுவரை கேட்டதில்லை. அவர் கன்னத்தில் பட்டென்று ஒரு முத்தம் வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினாள். விசில் கன்னத்தைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டி. ஒரு பக்கம் அடுப்போடு ஓட்டுநர், மறுபக்கம் இயந்திரத்தோடு கமா. நடுவர் விசில். கண்ணில் துண்டைக் கட்டிக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எந்தத் தட்டு யாருடையது என்று தெரியாமல் இருக்க, பரிமாறும் பொறுப்பு கீழ்வீட்டுத் தையல்காரக்காவிடம் போயிற்று. அவர் கழுத்தில் அளவு நாடாவோடு வேலையை அப்படியே போட்டுவிட்டு மேலே வந்திருந்தார்.

"அப்பா, மகன்கிறதை மறந்துடாதீங்க," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தான் ஓட்டுநர்.

"களத்துல மகனும் கிடையாது, மருமகளும் கிடையாது. ஆட்டக்காரங்கதான்," என்றார் விசில். "இன்னொரு தடவை வாயைத் திறந்தே, வெளிய அனுப்பிடுவேன்."

முதலில் உருளைக்கிழங்கு. விசில் இரண்டு தட்டிலிருந்தும் மாறி மாறி மென்றார். "இதுல ஒண்ணு கையில எண்ணெய் ஒட்டுது. மனசுலயும் ஒட்டுது. அதுக்கு ஒன்பது. இன்னொண்ணுக்கு எட்டு." எட்டுதான் தன்னுடையது என்று தெரிந்தும் கமா இடுப்பை ஆட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள். பள்ளிக்கூடத்துச் சமையல் வகுப்பில்கூட அவளுக்கு அவ்வளவு வந்ததில்லை. அடுத்து, சுட்ட காலிஃபிளவர். ஓட்டுநரின் வாணலியில் அது குழைந்துபோயிருந்தது. இயந்திரத்திலிருந்து ஓரம் கருகாமல், நடு இறுகாமல் வந்தது. கமாவுக்கு ஒன்பது, ஓட்டுநருக்கு ஆறு.

"ஆறா?" என்று அவன் கூடத்துக்கே வந்துவிட்டான்.

விசில் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். தையல்காரக்கா அவனைத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

கேக் வந்தபோது அக்காவே சிரிப்பை அடக்க முடியாமல் தட்டைக் கீழே வைத்தார். விசிறிக் காற்று ஒரே பக்கமாக அடித்ததில், கமாவின் கேக் புயலில் சிக்கிய தலைமுடிபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அக்கா நாடாவை எடுத்து அளந்தார். "இந்தத் தோளு ஏறியிருக்கு, அந்தத் தோளு இறங்கியிருக்கு. பிரிச்சுத் தைக்கணும்மா இதை." கனமான பாத்திரத்தில் மூடிபோட்டு ஓட்டுநர் செய்த கேக் மட்டமாக, பஞ்சுபோல் இருந்தது. அந்தச் சுற்று அவனுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கடைசியாகக் கோழி. ஓட்டுநர் தன் பங்குக்கு வாணலியில் வதக்கி முடித்து, மூடி வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான். கமா முழுக்கோழியைக் கம்பியில் கோத்து உள்ளே மாட்டினாள். அது மெல்லச் சுழலத் தொடங்கியது. எல்லோரும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

டக். டக். டக்.

"யாரோ கதவைத் தட்றாங்க," என்றார் விசில். அக்கா போய்த் திறந்தார். யாரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி டக், டக். இந்தத் தடவை ஓட்டுநர் போனான். மாடிப்படி வரை எட்டிப் பார்த்தான்.

"பக்கத்து வீட்டுப் பசங்க விளையாடறாங்க போல. தட்டிட்டு ஓடிடறாங்க."

மறுபடி டக் என்றதும், கமா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் கோழி சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் கால் ஒன்று நீண்டு, கதவைத் தட்டிவிட்டுப் போயிற்று. கால்களை நூலால் கட்ட வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. அந்தப் பக்கத்தில் எழுத்துப் பிழை திருத்தும் மும்முரத்தில் அவள் அதை விட்டுவிட்டாள்.

"கோழிதாங்க தட்டுது," என்றாள் ஈனஸ்வரத்தில்.

"திறந்து விடு, பாவம்," என்றார் விசில், துண்டைக் கட்டியபடியே.

சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. ஓட்டுநர் தரையில் உட்கார்ந்துவிட்டான். கமா அவன் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். அடங்கும் நேரத்தில் உள்ளேயிருந்து டக் என்று கேட்கும். திரும்பவும் ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு விலாவே விட்டுப்போச்சு. எல்லாருக்கும் காபி போடறேன்," என்று எழுந்து போய், இயந்திரத்துக்குப் பக்கத்துப் பிளக்கில் மின்கெட்டிலைச் செருகிச் சுவிட்சைப் போட்டார்.

பட் என்று ஒரு சத்தம். விசிறி ஓய்ந்தது. கோழி ஒரு காலை நீட்டியபடி நின்றுவிட்டது.

அது பழைய கட்டடம். ஃபியூஸ் பெட்டியில் கம்பி உருகித் துண்டாகியிருந்தது. மாற்றுக் கம்பி வைத்திருந்த கட்டடக் காவலாளி அன்று விடுப்பு. கமா கண்ணாடிக் கதவைத் திறந்து பார்த்தாள். மேல்தோல் அழகாகச் சிவந்திருந்தது. கத்தியால் குத்தினால் உள்ளே இளஞ்சிவப்பு. அவள் முகம் வாடிப்போயிற்று. மற்றதில் தோற்றதெல்லாம் அவளுக்குத் தோல்வியாகவே படவில்லை. ஆனால் இந்தக் கோழிக்கு முந்தின இரவே மசாலா தடவி, இரண்டு தடவை எழுந்து வந்து குளிர்பெட்டியைத் திறந்து பார்த்திருந்தாள்.

ஓட்டுநர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். கோழியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அவளை.

"இவருக்கு ஓய்வு குடுத்தாச்சு," என்றான். "வெட்டலாமா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

அவன் கோழியை மூட்டு மூட்டாகப் பிரித்தான். கேஸ் அடுப்பில் பெரிய வாணலியை வைத்து, வெண்ணெய் போட்டு, பூண்டைத் தட்டிப் போட்டான். "நீ போடு. உன் கோழி," என்றான். அவள் ஒவ்வொரு துண்டாக இறக்கினாள். "திருப்பாதே. சத்தம் மாறும்வரைக்கும் பொறு. இப்ப கேக்குதா? இப்ப திருப்பு." அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். அவன் அவளுக்குப் பின்னால் நின்று மூடியைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சின்னச் சமையலறையில் இருவரும் ஒரே நேரத்தில் அடுப்புக்கு முன்னால் நிற்பது அதுதான் முதல் தடவை. முழங்கை இடித்துக்கொண்டது, கால் மிதிபட்டது. யாரும் நகரவில்லை.

அக்கா இரண்டு தட்டுகளைக் கொண்டுபோனார். ஓட்டுநர் முதலில் செய்ததை விசில் சாப்பிட்டு, "எட்டு. பழகின ருசி," என்றார். அடுத்த தட்டில் இருந்ததைக் கடித்ததும் மெல்வதை நிறுத்தினார். கண்ணில் கட்டியிருந்த துண்டைத் தானே அவிழ்த்தார்.

"மாமா, அவிழ்க்கக் கூடாது," என்றாள் கமா.

"ஆட்டம் முடிஞ்சுபோச்சும்மா. தோலு மொறுமொறுன்னு இருக்கு, உள்ள சாறு சொட்டுது, மேல வெண்ணெய் வாசம். இதுக்குப் பத்து. என் வாழ்க்கையில நான் யாருக்கும் பத்துக் குடுத்ததில்லை. யாரு செஞ்சது?"

இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

கட்டுரையைக் கமா ஒரே மூச்சில் எழுதினாள். காய்கறியும் உருளைக்கிழங்கும் செய்ய இது கெட்டிக்காரப் பெட்டி, ஆறினதைச் சூடு பண்ணவும் தேவலை. லேசான பொருளை உள்ளே வைத்தால் பறக்கும், கேக் சாயும். ஒரு நேரத்தில் இருவருக்குத்தான் காணும், நான்கு பேர் என்றால் ஒருவர் சாப்பிட்டு முடிக்கும்போதுதான் அடுத்தவருக்குத் தட்டு வரும். கண்ணாடிக் கதவின் உள்மூலையைத் துடைக்கக் குழந்தையின் விரல் வேண்டும். பழைய வீடு என்றால் அதே நேரத்தில் கெட்டில் போடாதீர்கள். அடுப்பே வேண்டாம் என்று விளம்பரத்தில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

ஆசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"கோழிக்குப் பத்து மார்க் போட்டிருக்கே. மெஷினுக்கா, அடுப்புக்கா?"

"ரெண்டுக்கும், மேடம். பாதி அது, பாதி என் வீட்டுக்காரர்."

"அப்படி ஒரு கட்டம் நம்ம அட்டவணையில கிடையாதே."

"எனக்கும் தெரியும். நானும் ரொம்ப நேரம் பாத்தேன். பொய் எழுத மனசு வரலை."

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோழி கதவைத் தட்டும் பத்தியை இன்னொரு முறை படித்தார். அவர் தோள் குலுங்குவதைக் கமா பார்த்தாள். "கட்டத்தை நான் போட்டுக்கறேன்," என்றார் ஆசிரியை. "கமாவை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ."

இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க இருவருமாகப் போனார்கள். ஓட்டுநரின் நண்பன் ஓட்டிய பேருந்து. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓட்டுநர், வளைவு வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தினான். கமா அதைக் கவனித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அலுவலகத்தில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது, இருவருக்கும் கை என்னவோ லேசாக இருந்தது.

"பசிக்குது," என்றான் அவன்.

"வீட்டுக்குப் போய் நான் செய்யறேங்க. அடுப்புல."

அவன் நடையை நிறுத்தினான். சாலையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"சரி, செய்," என்றான். "நான் பக்கத்துல நிக்கறேன்."